ஊக்கி மருந்தும் சிறார் இதயமும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கவனக்குறைவு – மிகை இயக்கக் குறைபாடுடைய சிறார்க்கு வழங்கப்பெறும் ஊக்கி வகை மருந்துகள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சிறிதளவு உயர்த்துகின்றன. இவ்வுயர்வு பெரும்பாலான சிறார்க்குத் தீங்கு விளைப்பதில்லை. ஆயினும், முன்பே இதயக் குறைபாடு உடைய சிலருக்கு இது இடராகலாம். அச்சிலரை மருந்து தொடங்குமுன் இனங்காண்பதற்கு, நோய் வரலாற்றைக் கேட்டறிவதே முதன்மையான கருவி என்பதைப் பன்னாட்டு ஆய்வுகளும் வழிகாட்டு நெறிகளும் உணர்த்துகின்றன. அக்கேள்விகள் பெற்றோரின் மொழியிலும் உறவுமுறையிலும் அமையாவிடில் உரிய விடை கிடைப்பதில்லை. இக்கருத்தைத் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் சூழலில் பொருத்தி விளக்குவதாக இக்கட்டுரை அமைகின்றது.

திறவுச் சொற்கள்

மிகை இயக்கக் குறைபாடு, மெத்தில்ஃபெனிடேட், இதய மின்வரைபடம், குடும்ப வரலாறு, மருத்துவத் தமிழ், கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்பெறும் கவனக்குறைவு – மிகை இயக்கக் குறைபாடு, மூளையின் வளர்ச்சி சார்ந்த ஒரு நிலையாகும். ஓரிடத்தில் அமர இயலாமை, தொடங்கியதை முடிக்க இயலாமை, எண்ணுமுன் செயல்படுதல் ஆகியன இதன் அடையாளங்கள். கோயம்புத்தூரில் தொடக்கப் பள்ளி மாணவர் 770 பேரிடம் நிகழ்த்தப்பெற்று 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் 11.32 விழுக்காட்டினரிடம் இக்குறைபாட்டைக் கண்டது. பிற ஆய்வுகள் வேறுபட்ட அளவுகளைத் தருகின்றன. எனினும், தமிழகத்தின் வகுப்பறைகளில் இக்குறைபாடு அரிதன்று என்பது தெளிவு.

ஆறு வயதுக்குக் குறைந்த சிறார்க்குப் பெற்றோர் வழி நடத்தைப் பயிற்சியே முதலில் பரிந்துரைக்கப்பெறுகின்றது. அதற்கு மேற்பட்ட வயதில், குறைபாடு கடுமையாக இருப்பின், மருந்தும் சேர்க்கப்பெறுகின்றது. அவ்வேளையில் பெற்றோரிடம் எழும் முதற்கேள்வி, “இந்த மாத்திரை பிள்ளையின் இதயத்தைக் கெடுக்குமா?” என்பதாகும். இக்கேள்விக்கு “கெடுக்காது” என ஒரே சொல்லில் விடையளிப்பதும், “கெடுக்கும்” என அஞ்சி மருந்தை மறுப்பதும் சான்றுகளோடு பொருந்தவில்லை. சான்றுகள் கூறுவது யாது, அதனைக் கம்பம் போன்ற ஊரில் நடைமுறைப்படுத்துவது எங்ஙனம் என்பன இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கின் சூழல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியன இதன் முதன்மையான ஊர்கள். 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்திற்கு, க.விலக்கில் அமைந்துள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உயர்நிலைச் சிகிச்சை மையமாக விளங்குகின்றது. கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், க.விலக்கு அதற்கும் அப்பால் உள்ளது. பள்ளத்தாக்கின் தொழிலாளர் பலர் விடியுமுன் ஜீப்புகளில் ஏறிக் குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். ஒருமுறை மருத்துவமனை செல்வது அவர்களுக்கு ஒருநாள் கூலியை இழப்பதாகும். எனவே, எந்தப் பரிசோதனை இன்றியமையாதது, எது இன்றியமையாததன்று எனப் பிரித்தறிவது இப்பகுதியில் வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று.

மருந்து கிடைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவில் இக்குறைபாட்டிற்கு வழங்கப்பெறும் ஊக்கி மருந்து மெத்தில்ஃபெனிடேட் ஆகும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறிப்பொருள் சட்டமும், மருந்துகள் விதிகளின் எக்ஸ் அட்டவணையும் இதனைக் கட்டுப்படுத்துகின்றன. தனி உரிமம் பெற்ற மருந்தகம் மட்டுமே இதனை விற்கலாம். மருத்துவரின் சீட்டு இரு படிகளாக இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றை மருந்தகம் இரண்டாண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். இக்கட்டுப்பாடு மருந்து தவறான வழியில் செல்வதைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. இதயத்திற்கு ஊறு விளைக்கும் என்பதற்காக ஏற்பட்டதன்று. இவ்விரண்டையும் பெற்றோர் ஒன்றாகக் கருதிவிடும் வாய்ப்பு உண்டு என்பதால் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துதல் வேண்டும்.

மருந்து செயற்படும் முறை

ஊக்கி மருந்துகளுக்கும் இரத்த அழுத்தத்திற்குமான தொடர்பு, மருந்தின் பிறப்பிலேயே காணப்படுகின்றது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்து சிறாரின் நடத்தையையும் படிப்பையும் சீராக்குவதைக் கண்டு எழுதினார். 1944ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பானிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். குறைந்த இரத்த அழுத்தம் உடைய அவருடைய மனைவி ரீட்டா, டென்னிஸ் ஆட்டத்திற்கு முன் இதனை உட்கொண்டு ஊக்கம் பெற்றார் என்பதும், ‘ரிட்டாலின்’ என்னும் வணிகப் பெயர் அவர் பெயரால் அமைந்தது என்பதும் மருந்தியல் வரலாற்றில் பரவலாகக் கூறப்பெறும் செய்திகள்.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி பரிமாற டோபமின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. வெளியிட்டவற்றை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும் கடத்திகளை மெத்தில்ஃபெனிடேட் அடைக்கின்றது. அதனால் இவ்விரு பொருள்களும் நரம்பு இடைவெளியில் நெடுநேரம் தங்குகின்றன. மூளையின் முன்பகுதியில் இது கவனத்தைக் கூட்டுகின்றது. ஆனால் நார்அட்ரினலின் மூளைக்கு மட்டும் உரியதன்று. இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவில் அது செயற்படும்போது துடிப்பு விரைகின்றது. இரத்தக் குழாய்ச் சுவரில் செயற்படும்போது குழாய் சுருங்கி அழுத்தம் உயர்கின்றது. ஆகவே, இதயம் சார்ந்த விளைவைத் தற்செயலாக நேரும் ஒரு கெடுதியாகக் கருதுவதைவிட, மருந்தின் நற்பயனைத் தரும் அதே வேதிச் செயலின் மறுபக்கமாகக் கொள்வதே பொருந்தும்.

இவ்வுயர்வின் சராசரி அளவு சிறியது. இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 3 முதல் 6 வரையிலும், இரத்த அழுத்தம் 2 முதல் 4 மில்லிமீட்டர் பாதரச அளவு வரையிலும் கூடுவதாக மருந்துக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. எனினும், சராசரி என்பது எல்லோர்க்கும் ஒன்றுபோல் நிகழ்வதைக் குறிப்பதன்று. பலருக்கு மாற்றமே தோன்றாதிருக்க, சிலருக்குச் சராசரியினும் மிகுந்த உயர்வு ஏற்படுகின்றது. அச்சிலரைச் சராசரி எண் காட்டாது. தனித்தனியே அளந்தே அறிய இயலும்.

ஊக்கி வகையைச் சாராத அட்டமோக்செட்டின் மருந்தும் நார்அட்ரினலின் கடத்தியை அடைப்பதால் துடிப்பையும் அழுத்தத்தையும் உயர்த்துகின்றது. எனவே, ‘ஊக்கி அல்லாத மருந்து’ என்னும் பெயரை மட்டும் நம்பி, இதயக் கண்காணிப்பைக் கைவிடுதல் பொருந்தாது.

அச்சம் எழுந்த வரலாறு

2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் கனடா அரசின் சுகாதாரத் துறை, திடீர் இறப்புகள் குறித்த பன்னாட்டு அறிக்கைகளைக் காட்டி, ஆம்ஃபெட்டமின் உப்புகள் அடங்கிய அடரால் எக்ஸ்.ஆர். என்னும் மருந்தின் விற்பனையை நிறுத்தியது. மறுஆய்வுக்குப் பின் அதே ஆண்டு ஆகஸ்டில் விற்பனை மீண்டும் ஏற்கப்பெற்றது. 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகத்தின் அறிவுரைக்குழு ஒன்று, இம்மருந்துகளின் உறையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டத்திற்குள் அச்சிட வேண்டுமென 8க்கு 7 என்ற வாக்குகளால் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே குழந்தை நல அறிவுரைக்குழு அதனை ஏற்க மறுத்தது. இறுதியில், கட்டமைப்பு சார்ந்த இதயக் குறைபாடு உடையவர் பற்றிய எச்சரிக்கையும் நோயாளிக்கான விளக்கத்தாளும் இடம்பெற்றன. ஒரே சான்றினை ஆராய்ந்த அறிஞர் குழுக்கள் இவ்வாறு முரண்பட்டமைக்குக் காரணம், அன்று கையிலிருந்தவை தனித்தனி இறப்பு அறிக்கைகளே. ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பெருந்திரள் ஆய்வுகள் இல்லை.

இவ்விடத்தில் ஒன்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். மருந்து எதுவும் உட்கொள்ளாத சிறாரும் அரிதாகத் திடீர் இதய இறப்பிற்கு ஆளாகின்றனர். மருந்து உட்கொண்ட ஒரு சிறுவன் இறந்தான் என்னும் செய்தி, மருந்தினால் இறந்தான் என்பதற்குச் சான்றாகாது. மருந்து உட்கொள்வோரிடையே இறப்பு வழக்கத்தினும் மிகுதியா என்பதே ஆராயத்தக்க வினா.

சான்றுகள் கூறுவன

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, காரணம் தெரியாமல் திடீரென இறந்த 564 சிறாரை, ஊர்தி விபத்தில் இறந்த 564 சிறாரோடு ஒப்பிட்டது. முதற்பிரிவில் 10 பேரும் இரண்டாம் பிரிவில் 2 பேரும் ஊக்கி மருந்து உட்கொண்டிருந்தனர். வேறுபாடு பெரிதாகத் தோன்றினும், 10, 2 என்னும் சிற்றெண்களின் மீது அது நிற்கின்றது. ஒன்றிரண்டு பேர் பற்றிய தகவல் மாறினாலும் முடிவு மாறிவிடும்.

2011ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 2 முதல் 24 வயது வரையுள்ள 12 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. திடீர் இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்து 81 நிகழ்வுகளே பதிவாயின. அதாவது, ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 3 நிகழ்வுகள். மருந்து உட்கொண்டோரிடம் இடர் மிகுந்திருப்பதாக அவ்வாய்வு காணவில்லை. எனினும், புள்ளியியல் எல்லைக்குள் இடர் இருமடங்கிற்குச் சற்றுக் குறைவான அளவுவரை கூடியிருக்கும் வாய்ப்பை அதனால் முற்றிலும் மறுக்கவும் இயலவில்லை. அவ்வாறே கூடியிருப்பினும், ஒரு லட்சத்திற்கு 3 என்பது 6ஐ எட்டாது. பெற்றோரிடம் ‘இருமடங்கு’ என்று சொல்வதற்கும் ‘லட்சத்தில் மூன்று, ஆறாகலாம்’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இடரைச் சொல்லும்போது மடங்கினை மட்டும் கூறாது எண்ணிக்கையையும் சேர்த்துக் கூறுவதே முறை.

2016ஆம் ஆண்டில் தென்கொரியச் சிறாரின் பதிவுகளைக் கொண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு வேறொரு செய்தியைத் தந்தது. மெத்தில்ஃபெனிடேட் உட்கொண்ட காலத்தில் இதயத் துடிப்புச் சீர்கேடு, உட்கொள்ளாத காலத்தினும் 1.61 மடங்காக இருந்தது. பிறவி இதயக் குறைபாடு உடைய சிறாரிடம் இது 3.49 மடங்காக உயர்ந்தது. மருந்து தொடங்கிய முதல் நாள்களில் இடர் மிகுதி என்பதும் புலப்பட்டது. இவ்விரு ஆய்வுகளையும் இணைத்து நோக்கும்போது, இடர் எல்லோரிடமும் சமமாகப் பரவியிருக்கவில்லை; முன்பே குறைபாடு உடைய சிலரிடம் குவிந்துள்ளது என்பது தெளிவாகின்றது.

நெடுங்காலப் பயன்பாடு பற்றிய சான்று 2023ஆம் ஆண்டின் இறுதியில் சுவீடனிலிருந்து வெளிவந்தது. 6 முதல் 64 வயது வரையுள்ள 2,78,027 பேரைத் தொடர்ந்த அவ்வாய்வு, மருந்து உட்கொள்ளும் ஒவ்வோர் ஆண்டிற்கும் இதய – குழாய் நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. இவ்வுயர்வு முதன்மையாக உயர் இரத்த அழுத்தத்திலும் தமனி நோயிலும் காணப்பட்டது. எனவே, நெடுங்காலம் மருந்து உட்கொள்வோரிடம் முதலில் கருத்திற்கொள்ளத்தக்கது, ஓசையின்றி உயரும் இரத்த அழுத்தமே ஆகும்.

மறுபுறம், மருந்து அளிக்காமையும் இடரற்றதன்று. 2024ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு சுவீடன் ஆய்வு, இக்குறைபாடு கண்டறியப்பெற்ற 1,48,578 பேருள் மருந்து தொடங்கியோரிடம் இறப்பு வீதம் குறைவாக இருந்ததைப் பதிவு செய்தது. விபத்து முதலான இயற்கையல்லாத காரணங்களால் நேரும் இறப்புகளில் இக்குறைவு தெளிவாகத் தெரிந்தது. இவ்வகை ஆய்வுகள் தொடர்பைக் காட்டுவனவேயன்றிக் காரணத்தை முற்றாக நிறுவுவன அல்ல. ஆயினும், ‘எதற்கும் மருந்து வேண்டாம்’ என்பது பாதுகாப்பான தெரிவு என்னும் எண்ணத்தை இவை மறுக்கின்றன.

இதய மின்வரைபடம் எல்லோர்க்கும் வேண்டுமா?

2008ஆம் ஆண்டில் அமெரிக்க இதயக் கழகம், மருந்து தொடங்குமுன் சிறார்க்கு இதய மின்வரைபடம் எடுப்பது ஏற்புடையது என அறிவித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இதனை ஏற்கவில்லை. பின்னர் இரு கழகங்களும் இணைந்து, மின்வரைபடம் கட்டாயமன்று. அது எடுக்கப்பெறவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுத்தல் கூடாது எனத் தெளிவுபடுத்தின. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும், நோய் வரலாற்றிலோ உடற்பரிசோதனையிலோ ஐயத்திற்கு இடமிருந்தாலன்றி மின்வரைபடம் தேவையில்லை என்கிறது.

இம்முடிவிற்குக் காரணம் செலவு மட்டுமன்று. அரிதான நோயைத் தேடி எல்லோர்க்கும் வரைபடம் எடுக்கும்போது, நலமுள்ள பல சிறாருக்கும் ஐயத்திற்குரிய கோடுகள் தோன்றும். அவர்கள் மேற்பரிசோதனைக்காகத் தேனிக்கும் மதுரைக்கும் அலைவர்; அதற்கிடையில் மருந்தும் தடைபடும்; பெற்றோர் மனத்தில் அச்சமும் நிலைத்துவிடும். மறுபுறம், சிலவகை இதய நோய்கள் ஓய்வு நிலையில் எடுக்கும் வரைபடத்தில் தென்படாமலும் போகலாம். எனவே, எந்திரத்திற்கு முன்னர்க் கேள்வியும் செவியும் நிற்கின்றன. மூச்சிரைப்பு, உழைப்பின்போது மயக்கம், அச்சத்தாலோ ஓசையாலோ மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, முந்தைய இதய அறுவை, நெருங்கிய உறவில் 40 வயதிற்குள் திடீர் இறப்பு ஆகியன பற்றிய கேள்விகளும், இதயமானியால் கேட்கப்பெறும் முணுமுணுப்பு ஓசையும், நாடியும், இரத்த அழுத்தமும் சேர்ந்ததே முதற்பரிசோதனை. இவற்றுள் ஒன்றில் ஐயம் எழுந்தால் மின்வரைபடமும் இதய வல்லுநரின் கருத்தும் தேவையாகின்றன. இம்முதற்பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனை வேண்டுவதில்லை. கம்பத்திலேயே இது இயலும்.

மதுரை ஆய்வு உணர்த்துவது

மேலைநாட்டு நெறிமுறையை அவ்வாறே பின்பற்றுவது போதுமா என்னும் வினாவிற்கு, மதுரையில் நிகழ்ந்த ஆய்வொன்று துணைசெய்கின்றது. இதயத் தசையிலுள்ள மயோசின் பிணைப்புப் புரதம்–சி என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் 25 காரச்சோடிகள் நீங்கியிருக்கும் ஒரு மாற்றம் தெற்காசியரிடம் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் காணப்படுகின்றது. இம்மாற்றம் இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்பதனை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர், ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் முதலியவற்றின் ஆய்வாளரோடு இணைந்து 2009ஆம் ஆண்டில் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வெளியிட்டனர். இம்மாற்றம் உடையோர் பலர் இளமையில் நலமுடனே வாழ்கின்றனர். நோய் தோன்றின் நடுவயதிற்குப் பின் தோன்றுவதே மிகுதி. 2020ஆம் ஆண்டின் மறுமதிப்பீடு, இந்நீக்கத்தோடு சேர்ந்து மரபுவழி வரும் மற்றொரு மாற்றத்தையும் உடைய சிறுபகுதியினரிடமே இடர் குவிந்திருப்பதாகச் சுட்டியது.

இதனைக் கொண்டு, தமிழகச் சிறார்க்கு ஊக்கி மருந்து ஆகாது என முடிவு செய்தல் பிழையாகும். இம்மரபு மாற்றத்தையும் ஊக்கி மருந்தையும் இவ்வாய்வுகள் இணைத்து ஆராயவில்லை. ஆனால் இவற்றிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் பெறலாம். இதயத் தசை நோய் தந்தைக்கோ பாட்டனுக்கோ 50 வயதில் வெளிப்பட்டிருக்கலாம். ‘40 வயதிற்குள் இறந்தவர் உண்டா?’ என்று மட்டும் கேட்டால் அவ்வரலாறு வெளிவராது. ‘இதயம் வீங்கிவிட்டது என்று யாருக்காவது மருத்துவர் சொன்னதுண்டா?’ என்னும் கேள்வியும் இங்குச் சேர்தல் வேண்டும்.

உறவுமுறையும் குடும்ப வரலாறும்

உறவில் மணம் புரியும் வழக்கம் இந்தியாவில் தமிழ்நாட்டில் மிகுதி. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களுள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தோராகப் பதிவாயினர். தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைக்கு, தாய்வழிப் பாட்டியே தந்தையின் உடன்பிறந்த அத்தையுமாவார். தாய்வழி, தந்தைவழி எனக் கிளைகளைத் தனித்தனியே வரையும் மேலைநாட்டுக் குடும்ப மரப் படிவத்தில் இவ்வுறவு அடங்குவதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகிய முதல்நிலை உறவினரை மட்டும் கேட்கும் படிவம், தாய்மாமனின் திடீர் இறப்பைத் தவறவிடும். ஆனால் மரபணு நோக்கில் அவ்விறப்பு இங்கு மிகவும் பொருளுடையது.

இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே மாற்றம் வந்து சேரும்போது தோன்றும் நோய்களும் உறவில் மணந்தோர் குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. 1957ஆம் ஆண்டில் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே–நீல்சன் ஆகியோர் விவரித்த நோய்க்குறி அவற்றுள் ஒன்று. பிறவிச் செவிட்டுத்தன்மையும், இதயத்தின் மின்னோட்டம் மீள்வதில் ஏற்படும் கியூ.டி. நீட்சியும் இதில் ஒருங்கே அமைகின்றன. செவித்திறனற்ற பிள்ளை ஓடும்போதோ அஞ்சும்போதோ மயங்கி விழுந்தால், ஊக்கி மருந்தை எண்ணுமுன் மின்வரைபடம் கட்டாயமாகின்றது.

சொல்லும் பொருளும்

இதயம் சார்ந்த கேள்விகளுக்கு உரிய விடை பெறுவது, கேட்கும் சொல்லைப் பொறுத்தது. ‘சிங்கோப்பி’ எனப்படும் இதய மயக்கத்தைப் பெற்றோர் ‘வலிப்பு’ என்றும், ‘பயந்த கோளாறு’ என்றும், ‘கிறுகிறுத்து விழுந்தான்’ என்றும் கூறலாம். வலிப்பு எனப் பதிவானால் மருத்துவம் நரம்பியல் வழியே செல்லும். பயந்த கோளாறு எனக் கொள்ளப்பெற்றால் மந்திரித்துத் திருநீறு இடுவதோடு முடியும். விழுந்தது எப்போது, ஓடும்போதா, நீந்தும்போதா, வேட்டுச் சத்தம் கேட்டபோதா என்று வினவினால் மட்டுமே உண்மை புலப்படும். கியூ.டி. நீட்சியின் ஒருவகை நீச்சலாலும், மற்றொரு வகை திடீர் ஓசையாலும் தூண்டப்பெறுகின்றது. கிணறும் வாய்க்காலும் மிகுந்த பள்ளத்தாக்கில், ‘நன்றாக நீந்தத் தெரிந்த உறவினர் யாரேனும் நீரில் மூழ்கி இறந்ததுண்டா?’ என்னும் கேள்வி ஓர் இதயக் கேள்வியே ஆகும்.

கலைச்சொல்லும் தடையாகின்றது. ‘ஊக்கமருந்து’ என்னும் சொல் நாளிதழ்களில் விளையாட்டு வீரர் உட்கொள்ளும் தடைசெய்யப்பெற்ற பொருளைக் குறிக்கின்றது. அதே சொல்லைப் பிள்ளையின் மாத்திரைக்கு வழங்கினால், குற்ற உணர்வும் அச்சமும் உடன்வருகின்றன. ‘கவனக்குறைவு’ என்பதும் விபத்து வழக்குகளில் பொறுப்பின்மையைக் குறிக்கும் சொல். அதனை நோய்ப் பெயரில் வைக்கும்போது பிள்ளையின் மீதோ தாயின் மீதோ பழி சுமத்துவதாகப் பெற்றோர் உணர நேரலாம். பழிக்கு அஞ்சுவோர் குடும்ப வரலாற்றை முழுமையாகக் கூறார். ஆகவே, மருத்துவத் தமிழில் இச்சொற்களை மறுஆய்வு செய்வது மொழிப்பணி மட்டுமன்று. நோயாளியின் பாதுகாப்பையும் சார்ந்தது.

கண்காணிப்பு முறை

மருந்து தொடங்கிய பின், அளவு மாற்றப்பெறும் ஒவ்வொரு முறையும், அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் நாடியும் இரத்த அழுத்தமும் அளக்கப்பெறுதல் வேண்டும் என்பது நைஸ் நெறிமுறை. ஓய்வு நிலையில் துடிப்பு 120ஐத் தாண்டினாலோ, வயதுக்குரிய இரத்த அழுத்த எல்லையை இருமுறை தாண்டினாலோ, துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலோ மருந்தின் அளவைக் குறைத்து வல்லுநரிடம் அனுப்புதல் வேண்டும்.

இவ்வெளிய அளவீட்டிலும் பிழை நேரும் இடங்கள் மூன்று உள்ளன. முதலாவது, பெரியவர்க்குரிய அகன்ற பட்டையைச் சிறுவனின் கையில் சுற்றினால் அழுத்தம் உண்மையினும் குறைவாகவே காட்டும், உயர்வு மறைந்துவிடும். இரண்டாவது, சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஏறத்தாழ 2 மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, 4 மணி நேரத்தில் தணிகின்றது. கம்பத்திலிருந்து அதிகாலையில் மாத்திரை உட்கொள்ளாது புறப்பட்ட பிள்ளையிடம் எடுக்கும் அளவு, மருந்தின் விளைவைக் காட்டாது. மாத்திரை உட்கொண்ட நேரத்தையும் அளவீட்டோடு குறித்தல் இன்றியமையாதது. மூன்றாவது, இரத்தசோகையும் காய்ச்சலும் துடிப்பை உயர்த்துவன. அவற்றை நோக்காது மருந்தின் மீது பழி சுமத்துவதும், மருந்தின் விளைவை அவற்றின் மீது ஏற்றுவதும் பிழையாகும். மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் கலந்த மருந்து, இளைப்புக்கான சால்பியூட்டமால், மிகுதியான தேநீர், காப்பி ஆகியனவும் இதே திசையில் செயற்படுவன. பிள்ளை உட்கொள்ளும் பிற மருந்துகளைக் கேட்டறிதலும் வேண்டும். தவறிய வேளைக்கு ஈடாக இருமடங்கு கொடுத்தல் கூடாது என்பதைப் பெற்றோர்க்கு வலியுறுத்துதல் வேண்டும்.

மருந்து உச்சத்தில் செயற்படும் நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கின்றது. தோட்ட வேலைக்குச் சென்ற பெற்றோரைவிட, விளையாட்டு வேளையில் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்வதையோ மயங்குவதையோ ஆசிரியரே முதலில் காண்கின்றார். அவ்வாறு நேரின் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும் என்பதை ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

இவற்றையெல்லாம் இணைப்பதற்குரிய அமைப்பு முன்பே உள்ளது. 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் ஏறத்தாழ 30 நிலைகளைக் கண்டறிய முனைகின்றது. பிறவி இதயக் குறைபாடு, வாதக் காய்ச்சலால் வரும் இதய நோய், ஏ.டி.எச்.டி. ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. பள்ளிகளுக்கு ஆண்டிற்கு ஒருமுறை வரும் மருத்துவக் குழு, ஒரே பிள்ளையின் இதயத்தையும் கவனத்தையும் ஒரே நாளில் நோக்குகின்றது. இதயம் பற்றிய பதிவும் கவனம் பற்றிய பதிவும் ஒரே அட்டையில் அருகருகே அமைந்து, மருந்து எழுதும் மருத்துவரின் கைக்குச் செல்லுமாயின், முதற்பரிசோதனையின் பெரும்பகுதி பிள்ளை கம்பத்தை விட்டுப் புறப்படுமுன்னரே நிறைவுறும்.

முடிவுரை

ஊக்கி மருந்து இதயத்தின் மீது செயற்படுகின்றது என்பது உண்மை. பெரும்பாலான சிறாரிடம் அச்செயல் சிறிது என்பதும் உண்மை. இடர் சிலரிடம் குவிந்துள்ளது. அவர்களை மருந்து தொடங்குமுன் அறியும் வழி, உரிய கேள்வி, இதயமானி, நாடி, சரியான பட்டையால் எடுத்த இரத்த அழுத்தம் ஆகிய நான்கு. இவற்றுள் விலையற்றதும் எளிதில் தவறிப்போவதும் கேள்வியே. அது தாய்மாமனையும் அத்தையையும் உள்ளடக்கிய உறவுமுறையில், வலிப்பையும் பயந்த கோளாற்றையும் பிரித்தறியும் தமிழில் அமைதல் வேண்டும். அத்தகைய வினாநிரலை மருத்துவரும் தமிழாய்வாளரும் இணைந்து உருவாக்கி, பள்ளத்தாக்கின் பேச்சுவழக்கில் சரிபார்த்து வழங்குவது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணியாகும்.